விரலில் ஆடிய நூல்

கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள் மக்களே. எல்லைச் சண்டை நடந்த காலத்தில், பாறசாலைக்குக் கிழக்கே ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பயந்தவர்கள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

விளக்கு வைக்கிற நேரம். கட்டிலில் கிடந்த ரத்னபாயின் சுண்டுவிரலில் கட்டியிருந்த நூல், வெட்டி வெட்டி இரண்டு முறை இழுபட்டது.

"வந்தாச்சு," என்று கண் தெரியாத அந்த அம்மா மருமகளைக் கூப்பிட்டாள். "ஜெஸி, கஞ்சி எடு மக்கா."

அவள் சொன்னது மகன் ஜெயதாஸை. திருவிதாங்கூரை விட்டுத் தாய்த் தமிழகத்தோடு சேரவேண்டும் என்று ஊர்வலம் போனவன், அங்கே போலீஸ் துப்பாக்கி வெடித்த பிறகு வீடு திரும்பவில்லை. செத்தானா, எங்காவது ஒளிந்திருக்கிறானா, யாருக்கும் தெரியாது.

அந்த நூலே அவன் கட்டியதுதான். அம்மாவுக்குப் பார்வை போனபோது, ஆள் வருவது தெரியட்டும் என்று முதலில் வாசலில் மணி கட்டினான். "எலே, நான் என்ன தொழுத்துப் பசுவா, மணி கெட்டி வைக்க?" என்று அவள் சீறினாள்.

அப்புறம் தொழுவத்தில் ஒரு சிலந்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வலையின் நடுவில் காலை வைத்தபடி, விழுந்தது ஈயா, வந்தது காற்றா என்று அது நூலிலேயே பிரித்து அறிந்தது.

மெழுகு தேய்த்த நூல்களை மூங்கில் குழாய்களுக்குள் ஓட்டி, முன்வாசல், கிணறு, தொழுவம், பின்பக்கத்துப் படல் எல்லாவற்றிலிருந்தும் அம்மாவின் கட்டிலுக்கு இழுத்தான். இடத்துக்கு ஒரு விரல். காற்றென்றால் நூல் தொய்ந்து ஆடும், ஆளென்றால் வெட்டும். போகப்போக, தொட்டது யார் கை என்பதுகூட அவளுக்குப் பிடிபட்டது.

பின்படல் நூல்தான் சுண்டுவிரலில் இருந்தது. மரவள்ளி நட்ட விளை வழியாக அந்தப் படலுக்கு வந்து, இரண்டு தடவை இழுத்துவிட்டு நுழைவது ஜெயதாஸின் பழக்கம்.

அவன் போனதிலிருந்து அம்மா பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் கிடந்தாள். ஒரு சாயங்காலம் அந்த நூல் வெட்டியது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். அன்றிலிருந்து தினமும் வெட்டியது.

ஆனால் படலில் ஆள் இருந்ததில்லை. மரச்சீனி விளையில் ஒரு கால்தடமும் இல்லை. பாத்திரம் கழுவிவிட்டுப் பின்பக்கத்திலிருந்து வருகிற மருமகள் ஜெஸி, ஈரக்கையோடு கஞ்சியை நீட்டுவாள்.

"செத்தவன் நூலைப் பிடிச்சு வாறான் பிள்ளே," என்றாள் பக்கத்து வீட்டு விஜயம்மா. "பின்வாசலை அடைச்சுப் போடு."

பேச்சு பரவி, போலீஸ்காரர் கருணாகரன் காதுக்கும் போனது. ஜெயதாஸைப் பிடித்தே தீருவேன் என்று ஒருநாள் சாயங்காலம் வந்து, கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து, ஜெஸியைக் கூப்பிட்டார்.

"குட்டி, நீ இங்கே என் கண்ணு முன்னால நில்லு. ஒரு அடி அனங்கப்படாது. நூல் ஆடினா ஆளைப் பிடிப்பேன்."

"ஆவிக்கு மாட்ட விலங்கு உண்டா ஏமானே?" என்றாள் ரத்னபாய்.

"ஆவியா ஆளான்னு இப்பம் தெரியும் அம்மச்சி."

ஊரே நடுங்குகிற அந்த நேரத்தில், ஜெஸி மட்டும் நிம்மதியாக நின்றாள்.

நூல் வெட்டியது. மறுபடியும் வெட்டியது.

ஜெஸியின் முகம் வெளுத்துவிட்டது. கருணாகரன் துள்ளி எழுந்தார்.

எத்தனையோ சாயங்காலம் அந்த நூல் ஆடியும் கட்டிலை விட்டு இறங்காத ரத்னபாய், அன்று இறங்கினாள். தடுமாறிப்போய் அவர்மேல் விழுந்து, இடுப்புப் பெல்ட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ ஏமானே, தலை கறங்குதே! விட்டுராதீங்கோ!"

அவர் பிடியை விடுவித்துப் பின்னால் ஓடியபோது, படலில் ஒருவரும் இல்லை. மரச்சீனி இலை ஒன்றுகூட அசையவில்லை. நூல் மட்டும் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. "பகவதீ!" என்று முன்வாசல் வழியாக இறங்கி நடந்தவர், தன் தொப்பியையும் மறந்துவிட்டார்.

ஜெஸி மாமியாரின் காலடியில் அப்படியே உட்கார்ந்தாள்.

"மாமி, நீங்க கஞ்சி குடிக்கணும்னு இத்தனை நாளும் நூலை இழுத்தது நானாக்கும். இன்னைக்கு... இன்னைக்கு நான் இழுக்கல்ல."

ரத்னபாய் அவள் தலையைத் தடவினாள்.

"தெரியும் மக்கா. அதுனாலயாக்கும் ஏமானைப் பிடிச்சேன்."

உங்கள் வீட்டிலிருந்து வெளியே போனவர்களும் விளக்கு வைக்குமுன் வந்து சேரட்டும், மக்களே. உங்கள் அடுப்பில் அவர்களுக்கான கஞ்சி சூடாகவே இருக்கட்டும்.