பதினொன்றும் இருபத்தைந்தும்

சிங்கராசாவின் வீடு மில்ரனின் கண்முன்னே தூண் தூணாகச் சிவந்துகொண்டிருந்தது. மில்ரன் பதறவில்லை. தேநீரை ஊதிக் குடித்தான்.

சிவந்தது கணினித் திரையில். வங்காலையில் இருக்கும் அந்தப் பழைய மாடிவீட்டின் தூண்களைத் துளைத்துச் சோதித்ததில், கொங்கிறீற்றின் அமுக்க வலிமை பதினொன்று என்று வந்திருந்தது. குறைந்தது இருபதாவது வேண்டும். பதினொன்றைக் கொடுத்ததும் மென்பொருள் ஒரு தூணைக்கூட விட்டுவைக்காமல், தாங்காது என்று சிவப்படித்தது.

நாலைந்து மீன்பிடி வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான சிங்கராசா சம்மாட்டியார் எதிர்க் கதிரையில் காத்திருந்தார். "வீடு தாங்குமோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ" என்றுதான் அவர் கேட்டிருந்தார். பொறியியலாளர் மில்ரனின் கந்தோருக்கு வருகிறவர்களெல்லாம் இன்னொரு மாடி கட்ட ஆசைப்படுகிறவர்கள். மனங்கோண வைத்தால் முருங்கனில் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

வலிமை கேட்கும் பெட்டியில் பதினொன்றை அழித்து இருபத்தைந்து என்று தட்டினான். மழைக்குப் பிந்திய வயல்போல வீடு முழுக்கப் பச்சையானது. மென்பொருள் ஏன் என்று கேட்கவில்லை.

"சந்தோசமான செய்தி, ஐயா. இருபத்தஞ்சு. யானை ஏறி நிண்டாலும் அசையாது."

சிங்கராசாவின் முகம் கறுத்தது. "வடிவாப் பாத்தனீங்களோ?"

"நான் பாத்தா பிழைக்காது." மில்ரன் அறிக்கையை அச்செடுத்து, கையெழுத்தை நீட்டி வளைத்துப் போட்டுக் கொடுத்தான்.

சிங்கராசா பெருமூச்சு விட்டார். "தாங்காது எண்டு சொல்லுவியள் எண்டு நம்பி வந்தனான். சுவரெல்லாம் வெடிப்பு. இடிச்சுப்போட்டுக் கட்டுவம் எண்டா என்ர மனிசி றஞ்சிதம் விடுறாளில்லை. படிச்ச ஆள் சொன்னாத்தான் கேப்பாளாம். பேரப்பிள்ளையளும் அதுக்குள்ளதான் படுக்குதுகள்."

மில்ரனுக்கு வேர்த்தது. அவசர அவசரமாகப் பெட்டியில் பழையபடி பதினொன்றைப் போட்டான். வீடு மறுபடி சிவந்தது.

"ஐயா, இங்க பாருங்கோ. பதினொண்டுதான். இண்டைக்கே எல்லாரையும் வெளியில எடுங்கோ. இடிக்கத்தான் வேணும்."

சிங்கராசா திரையைப் பார்த்தார். அவனையும் பார்த்தார். அவர் கண்கள் கலங்கின. அறிக்கையைக் கவனமாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில் அவன் தோளில் தட்டினார்.

"எனக்காகப் பொய் சொல்லாதேங்கோ, தம்பி."