சப்டைட்டில் கண்ணாடி

மூட்டை தூக்கிய இடுப்பு வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். கட்டிலில் என்னோடு வேலை செய்யும் ஒடிசாக்காரன் திபாகர், கால் முழுக்க மாவுக்கட்டு. போனில் ஜப்பான் அனிமே ஓடிக்கொண்டிருந்தது, தமிழ் டப்பிங்கில். அவன் தமிழ் கற்றதே அதில்தான்.

"வாருங்கள் அண்ணா. நீங்கள் சப்டைட்டில் ஆளாயிற்றே" என்று டப்பிங்கை நிறுத்தி, எனக்காகத் தமிழ் சப்டைட்டில் போட்டான்.

அவன் சிரித்தபோதெல்லாம் நானும் சிரித்தேன். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். இரண்டாவது சொல்லுக்குப் போவதற்குள் வரி மறைந்துவிடும்.

எங்கள் சிமெண்ட் குடோனில் பல மொழிக்காரர்கள் மூட்டை தூக்குகிறோம். அடுத்தவன் பேச்சு புரிய, டப்பிங் பேசும் காது மிஷினோ சப்டைட்டில் ஓடும் கண்ணாடியோ கொடுப்பார்கள். "படிக்கத் தெரியாதவன்லாம் காது மிஷின் வாங்கிக்கோ" என்று மேஸ்திரி கத்தினார். அத்தனை பேர் முன்னால் நான் கண்ணாடி வரிசையில் போய் நின்றேன்.

போன வாரம் மூட்டை அடுக்கு சரிய ஆரம்பித்தது. திபாகர் பயத்தில் ஒடியாவில் கத்தினான். கண்ணாடியில் ஓடிய வரியை எழுத்துக் கூட்டிக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். அவன் ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டான். மூட்டைகள் அவன் காலில் விழுந்தன.

"மூன்று முறை எச்சரித்தேனே அண்ணா. எழுத்து வரவில்லையா?"

"கண்ணாடி கோளாறுடா. லேட்டா வந்துச்சு."

"அப்படியானால் தவறு என்னுடையதுதான். தமிழில் கத்தியிருக்க வேண்டும்."

எழுந்து வந்துவிட்டேன்.

எனக்குப் படிக்கத் தெரியாது என்ற உண்மையைத் திபாகரிடம் இன்னும் சொல்லாமல் கடனாக வைத்திருக்கிறேன்.