வரிசை மாறாது

"என் ரிப்போர்ட் வந்துடுச்சாங்க மேடம்?"

கவுன்ட்டருக்குள் இருந்த தென்றல் நிமிரவில்லை. காலையிலிருந்து இதே ஆள், இதே கேள்வி.

"பேர் கூப்பிடுவோம் சார். வரிசைப்படிதான். உட்காருங்க."

"அதில்லைங்க. உங்ககிட்ட ஒரு நிமிஷம் தனியாப் பேசணும்."

தென்றலுக்குப் புரிந்துவிட்டது. போன வருஷம் அரியலூரில் அந்த லேப் கொரோனா டெஸ்ட் எடுக்க ஆரம்பித்ததிலிருந்து, தனியாகப் பேச வருகிறவர்கள் என்ன பேசுவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி.

"கலெக்டரே வந்தாலும் இங்க வரிசைதான் சார்."

பெஞ்சில் இருந்த செல்லதுரை உற்சாகமாகிவிட்டார். ரெட்டிபாளையத்தில் சிமென்ட் லாரி ஓட்டுகிறவர். நெகட்டிவ் ரிப்போர்ட் காட்டினால்தான் ஃபேக்டரி கேட்டுக்குள் விடுவார்கள்.

"நல்லாச் சொல்லுங்க மேடம். வண்டிய ரோட்டுல நிறுத்திட்டு நாங்கல்லாம் காத்துக் கெடக்குறோம். மடிப்புக் கலையாத சட்டையப் பார்த்தா மொதல்ல குடுத்துருவாங்களாக்கும்."

அந்த ஆள், ஆண்ட்ரூஸ், திரும்பிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய அப்பாவே கவுன்ட்டருக்கு வந்தார். பிலவேந்திரன். வரதராஜன்பேட்டையில் ஹெட்மாஸ்டராக இருந்தவர். இன்னும் குரல் அப்படித்தான். இடது கையில் பிளாஸ்திரி. டயாலிசிஸ் ஊசி குத்திய இடம் என்று தென்றலுக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

"பாப்பா, என் மகன் ராத்திரி சென்னையில ஃப்ளைட் ஏறணும். ரிப்போர்ட் இல்லாம ஏத்த மாட்டான். ஞாயித்துக்கெழமையிலருந்து இந்தியாக்காரன் யாரும் வரக் கூடாதுன்னு நியூசிலாந்துல கதவச் சாத்துறாங்க."

"தொறந்ததும் போகட்டுமே ஐயா."

"அதுக்குள்ள எல்லாம் போயிடுமே. அங்க குடியுரிமை வாங்க அஞ்சு வருஷக் கணக்கு இருக்கு. நடுவுல ஒரு வருஷம் ரொம்ப நாள் வெளிய இருந்துட்டா, மறுபடி மொதல்லருந்து. எனக்கு முடியலன்னு ஓடி வந்தவன், இங்கயே ஒக்காந்துட்டான். இனிமே தாங்காது."

"உங்களுக்குத் தொணை?"

"எனக்கு எதுக்குத் தொணை? பெரம்பலூருக்கு பஸ் ஏறுனா, டயாலிசிஸ் முடிச்சிட்டு சாயங்காலம் வூட்டுக்கு வந்துருவேன்." அவர் கவுன்ட்டரில் சாய்ந்துகொண்டார். "எங்க பங்குக் கோயில்ல நன்றிப் பூசைக்கே சொல்லி வச்சுட்டேன் பாப்பா. மகன் குடியுரிமை பெற்றதுக்காகன்னு."

"இன்னும் பெறலையே ஐயா."

"சாமியாரும் அதைத்தான் கேட்டாரு. நீங்க பூசைய வைங்க, அவன் பெறுவான்னு சொல்லிட்டேன்."

தென்றலின் சிரிப்பை மாஸ்க் மறைத்தது. ஆனாலும் வரிசை வரிசைதான்.

"நான் கார்ல இருக்கேன். வாங்குனதும் ஓடி வந்துருடா" என்று மகனிடம் சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே நடந்தார். செல்லதுரையும் வாசலில் நின்று லாரி ஓனரோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த கட்டு ரிப்போர்ட்கள் பிரின்ட்டரிலிருந்து வந்து விழுந்தன. முதல் தாள் ஆண்ட்ரூஸுடையது. அவரே எதிரில் நின்றார்.

"யாரும் கேக்க முடியாது சார், உங்க முறைதான். நெகட்டிவ். கெளம்புங்க, நேரம் இருக்கு."

அவர் கை நீட்டவில்லை. திரும்பி வாசலைப் பார்த்தார். வெளியே பெரியவர் காரில் ஏறாமல், மகனின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"இதைத்தான் மேடம் காலையிலருந்து சொல்ல வந்தேன். இன்னிக்குத் தராதீங்க."

"என்ன சார் சொல்றீங்க?"

"எனக்காக நீ தங்குனா டயாலிசிஸையே நிறுத்திடுவேன்னு அப்பா ஜெபமாலையத் தொட்டுச் சொல்லிட்டாரு. நான் போயிட்டாலும் ஒழுங்காப் பண்ணிக்க மாட்டாரு. முன்ன அங்கருந்து போன் பண்ணுறப்பல்லாம் டயாலிசிஸ் முடிஞ்சுது முடிஞ்சுதுன்னாரு. வந்து பார்த்தா பாதி நாள் ஆஸ்பத்திரிப் பக்கமே போகல."

தென்றல் தாளைப் பிடித்தபடியே இருந்தாள்.

"நானாத் தங்குனாத்தான் கோவம். ரிப்போர்ட் வரலன்னு நீங்க சொன்னா, என்னை ஒண்ணும் சொல்ல முடியாது. உங்களைத்தான் திட்டுவாரு."

"அப்ப குடியுரிமை?"

"அது மறுபடி அஞ்சு வருஷத்துல வந்துரும் மேடம்."

தென்றல் தாளை மெதுவாகக் கட்டுக்கு அடியில் செருகினாள். பிறகு வாசல் வரை கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினாள்.

"எத்தனை தடவ சார் சொல்றது? உங்க ரிப்போர்ட் இன்னும் வரல. நாளைக்கு வாங்க. செல்லதுரை யாருங்க? உள்ள வாங்க."

"என்ன லேப் நடத்துறீங்க? ஒரு மனுஷனோட எதிர்காலம் ஒங்களுக்கு வெளையாட்டாப் போச்சா?" பெரியவரின் குரல் தெருமுனை வரை கேட்டது. ஆண்ட்ரூஸ் போய் அவர் தோளிலிருந்த பையை வாங்கி, அவரைக் காரில் உட்கார வைத்தார். அதற்கப்புறமும் கார் நகரும்வரை திட்டு ஓயவில்லை.

செல்லதுரை தன் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, போகிற காரையும் தென்றலையும் மாறி மாறிப் பார்த்தார். முகமெல்லாம் திருப்தி.

"அம்மாம் பெரிய ஆளு, அப்படிக் கத்துறாரு. நீங்க அசையலையே. ஒங்கள மாதிரி ஒருத்தர் உள்ள ஒக்காந்தாப் போதும் மேடம், எங்கயும் வரிசை மாறாது."