முப்பத்தொண்டு

"இன்னும் நாலு பலூனைக் கட்டும். முப்பத்தொண்டு எண்டால் ஒரு களை வேண்டாமோ?" என்று பிரதாபன் கீழே நின்று அதட்டினான். ஏணியில் நின்ற உதவியாளர் அனோஜா, "ஆமா சேர்" என்று வாயில் கடித்திருந்த நூலை எடுத்துக்கொண்டு இன்னொரு படி ஏறினாள்.

முல்லைத்தீவுக் கடற்கரையில் அந்த ஹோட்டல் எழும்பி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒல்லாந்தர் கப்பல் வந்த பழம்பெரும் துறைமுக நகரில் ராச வாழ்க்கை என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே பார்த்தால் காயப்போட்ட வலையும், அதன்மேல் சுருண்டு படுத்த நாயும்தான். அந்த நாயைக்கூடப் பிரதாபன் மன்னித்துவிடுவான். ஊர்ச் சனத்தைத்தான் அவனால் மன்னிக்க முடியவில்லை.

இத்தனைக்கும் பளையில் பிறந்து வளர்ந்தவன்தான். துபாய் ஹோட்டல் ஒன்றில் கொஞ்சக் காலம் கோப்பை தூக்கிவிட்டு வந்தான். வந்த நாளிலிருந்து வன்னி முழுக்க அவன் கண்ணுக்குப் பட்டிக்காடாகிவிட்டது. இப்போது இங்கே கொண்டாட்டங்களுக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு. மனேச்சர் கதிரை காலியாகக் கிடந்தது. கனடாவில் இருந்து வந்திருந்த முதலாளி கதிர்காமநாதன் இன்றைய விருந்தை நேரில் பார்த்துவிட்டு அதற்கு ஆள் போடுவதாகச் சொல்லியிருந்தார். அந்தக் கதிரையை நினைத்துப் பிரதாபனுக்கு ஒரு கிழமையாக நித்திரை இல்லை.

ஹோட்டல்காரருக்கு முப்பத்தொண்டு என்றால் ஒன்றுதான். டிசம்பர் கடைசி நாள், ஆட்டம் பாட்டத்தோடு புதுவருடத்தைக் கூப்பிடும் நாள். இரவு விருந்துக்கு ஆட்கள் முந்தியே பதிந்துவிட்டார்கள். பகல் விருந்துக்குத்தான் முள்ளியவளையில் இருந்து சுதாஜினி என்றொரு பெண் தொலைபேசி எடுத்திருந்தாள்.

"தம்பி, எங்கட முப்பத்தொண்டுக்கு உங்கட ஹோல் வேணும்."

"முப்பத்தோராந் திகதிதானே அக்கா?"

"ஓம் தம்பி, திகதியும் அதுதான். மத்தியானச் சாப்பாடு, மரக்கறி. காலமை கடலுக்குப் போட்டு நேர அங்க வருவம். வீட்டைச் சுத்தி வெள்ளம், அதுதான்."

"இரவில செய்தால்தானே அக்கா நல்லா இருக்கும்?"

"எங்கட ஆக்கள் இதைப் பகலிலதான் செய்யிறது. அப்பாவுக்கு விருப்பமான உழுந்து வடை கட்டாயம் வேணும், மறந்திடாதேங்கோ."

ரிசீவரை வைத்ததும் பிரதாபனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"கேட்டீரே அனோஜா? முப்பத்தொண்டைப் பட்டப்பகலில கொண்டாடுதுகளாம்! அதுவும் வடையோட. கடலில முங்கிப்போட்டு ஈரக்காலோட வந்து என்ர காப்பெற்றில ஏறப்போகுதுகள். கழுதைக்குத் தெரியுமே கற்பூர வாசனை?"

"பாவம் சேர், காசு குடுத்துத்தானே வாராங்க."

"காசு இருந்தால் காணுமோ? நாகரிகம் வேணும். நான் காட்டுறன் பாரும், முப்பத்தொண்டு எண்டால் என்னெண்டு."

கேட்காததையெல்லாம் செய்தான். வவுனியாவில் இருந்து பாட்டுப் பெட்டிக்காரனை இறக்கினான். வாசலில் வெடிக்க வண்ணக் காகிதக் குழல்கள், மேசையில் வைன் கிளாசுகள். தொலைபேசியில் அப்பாவுக்கென்று வடை கேட்டதால் அந்தக் கிழவனுக்கென்று மண்டபத்தின் நடுவில் ஒரு பொன்னிறக் கதிரை போட்டு, அதன்மேல் காகிதக் கிரீடமும் வைத்தான். தன் கெட்டித்தனத்தை நினைக்க அவனுக்கே புல்லரித்தது.

பதினொரு மணிபோல் முதலாளி வந்து சுற்றிப் பார்த்தார்.

"நல்லாக் கிடக்கு தம்பி. ஆர் ஆக்கள்?"

"முள்ளியவளைச் சனம் சேர். ஒண்டும் தெரியாதுகள். வடை போட்டால் காணும் எண்டுதுகள். எல்லாம் நான்தான் யோசிச்சுச் செய்தனான்."

"வாற ஆக்களின்ர முகத்தைப் பாப்பம். அதுகளுக்குச் சந்தோசமெண்டால் நாளையில இருந்து நீர்தான் மனேச்சர்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஆட்களை ஏற்றிய வான்கள் வந்து நின்றன. ஆட்கள் குடைக்குள் ஒதுங்கி ஒதுங்கி வாசலுக்கு வந்தார்கள். தலைகள் ஈரம். சொன்னபடியே கடலில் முங்கிவிட்டுத்தான் வந்திருக்குதுகள் என்று பிரதாபன் மனதுக்குள் கறுவிக்கொண்டு, முகத்தில் துபாய்ச் சிரிப்பை ஒட்டிக்கொண்டான்.

"வாங்கோ, வாங்கோ!"

கையைக் காட்டினான். பைலா மேளம் மண்டபம் அதிர எழும்பியது. குழல்கள் படபடவென்று வெடித்து, சிவப்பும் மஞ்சளுமாய்க் காகிதத் துண்டுகள் ஈரத் தலைகளில் ஒட்டிக்கொண்டன.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் கை தட்டவில்லை. வாசலைத் தாண்டி ஒரு கால்கூட உள்ளே வரவில்லை. மரங்கள், ஒரு ரசனை வேண்டாமா என்று பிரதாபனுக்கு எரிச்சல் வந்தது. பக்கத்தில் நின்ற முதலாளி அந்த முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். மனேச்சர் கதிரை கைநழுவப் பார்க்கிறது என்று பிரதாபனுக்கு விளங்கியது. ஓடிப்போய்க் காகிதக் கிரீடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அப்பா எங்க அக்கா? இண்டைக்கு அவர்தானே ராசா! கூட்டிக்கொண்டு வாங்கோ, கிரீடம் வைச்சு இதில இருத்துவம்."

முன்னால் நின்ற சுதாஜினி அவனைப் பார்த்தாள். அந்தப் பொன்னிறக் கதிரையைப் பார்த்தாள். மழைக்கு நனையாமல் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு அணைத்து வைத்திருந்ததை மெல்லப் பிரித்துக்கொண்டு நடந்துபோய், மாலை போட்ட படத்தை அந்தக் கதிரையில் நிமிர்த்தி வைத்தாள்.

"இவர்தான் அப்பா, தம்பி. செத்து இண்டைக்கு முப்பத்தொண்டு."