கடைவாய்ப் பல்

அப்பாவுக்குக் கடைவாயில் சென்சார் வைத்த இரண்டு பல் பதித்தோம். அவர் எதையாவது மென்றால் போதும், டொராண்டோவில் என் போனுக்கு 'சாப்பிட்டாச்சு' என்று வந்துவிடும். அதன்பிறகு தினமும் கூப்பிட்டு "சாப்பிட்டீங்களாப்பா" என்று கேட்பதை விட்டுவிட்டேன். எங்களுக்குள் வேறு பேச்சு இருந்ததில்லை.

போன வாரம் மூன்று நாள் 'சாப்பிடவில்லை' என்றே வந்தது. பல்லில்தான் கோளாறு என்று கம்பெனிக்குப் புகார் எழுதினேன்.

நான்காம் நாள் சர்க்கரை இறங்கி மயங்கிய அப்பா அப்புறம் எழவேயில்லை. அடக்கத்துக்குப் பாளையங்கோட்டை வந்தபோது பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா சொன்னார்:

"மீன்குழம்பு கொண்டு போனேன், தொடல. தட்டுக்குப் பக்கத்துல போனை வச்சிட்டு உக்காந்திருந்தாரு. 'சாப்பிடலன்னு பல்லு சொல்லும், பெனிட்டா கூப்பிடுவா. பேசிட்டுச் சாப்பிடுதேன்'ன்னாரு."