எண்ணெய் வைத்தியருக்கு ஒரு சாட்சி

எண்ணெய் வைத்தியர் அவளுடைய வலது கையைப் பிடித்து உயரத் தூக்கினார், குத்துச்சண்டையில் ஜெயித்தவன் கையைத் தூக்குவதுபோல. வாடகை மண்டபத்தின் கடைசி வரிசைவரைக்கும் முழங்கை தெரிந்தது. மாசு மருவில்லாத முழங்கை.

"அஞ்சு மாசத்துக்கு முன்னாடி இந்தக் கை எப்படி இருந்துச்சு தெரியுமா? மீன் செதிலு! தட்டினா பொடிப்பொடியா உதிரும். சொரியாசிஸா, எங்களால முடியாதுன்னு பெரிய பெரிய டாக்டருங்க கைய விரிச்சாங்க. இப்ப என் எண்ணெய் பேசுது, பாருங்க!"

கைதட்டல் காதைப் பிளந்தது. வைத்தியர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். மைக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் எதையும் விழுங்கும் ஜனங்கள். இவர்கள்மேல் அவருக்கு இருந்ததெல்லாம் ஒரே இளக்காரம்.

முன்வரிசையில் அவளுடைய மாமியார் எழுந்து நின்றாள். "இவ தலகாணி உறையக்கூட நான் கையால தொட்டதில்லைங்க, குச்சியாலதான் எடுப்பேன். இவளக் கட்டின பாவத்துக்கு என் பிள்ளைக்கு வேற பொண்ணு பார்க்கலாம்னுகூட இருந்தேன். தெய்வம் மாதிரி வந்தீங்க!"

பக்கத்தில் அந்தப் பிள்ளை தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா கிழித்த கோட்டைத் தாண்டத் தெரியாதவன் என்று வைத்தியர் முதல் நாளே எடை போட்டிருந்தார்.

அந்த முதல் நாளில்தான் அவர் தன் வழக்கமான குண்டைத் தூக்கிப் போட்டார். "இந்தத் தோலோட பிள்ளை பெத்தா, அதுவும் செதிலோடதான் பொறக்கும். மூணு வருஷம் எண்ணெய் தேய்க்கணும். அதுவரைக்கும் புருஷன் பக்கமே போகக்கூடாது." அன்றைக்கே மாமியார் மகனின் படுக்கையைக் கூடத்து சோபாவுக்கு மாற்றிவிட்டாள்.

நடுவில் ஒருமுறை மாமியார் பதறிப்போய் போன் பண்ணினாள். எண்ணெய் பாட்டிலைத் திறந்தாலே மருமகள் வாந்தி எடுக்கிறாளாம். வைத்தியர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "விஷம் மேல வருதும்மா. நல்ல அறிகுறி. நிறுத்திடாதீங்க."

இப்போது அவர் மைக்கை அவளிடம் நீட்டினார். "நீயே சொல்லும்மா, கூச்சப்படாம."

அவள் கணக்கு டீச்சர். கூச்சத்துக்கும் அவளுக்கும் வெகு தூரம். "வணக்கம். இவர் குடுத்த எண்ணெய்ல ஒரு சொட்டுகூட என் உடம்புல படல. எல்லாத்தையும் எங்க வீட்டு கேட் கீலுக்குத்தான் ஊத்தினேன். முன்னெல்லாம் கிரீச்சுனு ஊரையே கூட்டும். இப்ப வாயே திறக்கறதில்ல."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. மாமியார் முகம் செத்துப்போனது. வைத்தியர் மைக்கைப் பிடுங்கக் கை நீட்டினார். அவள் அதை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

அவர் அசரவில்லை. இந்த மாதிரி வாயாடிகளை எத்தனை பேரை மடக்கியிருக்கிறார்! "அப்படியா? எண்ணெய் தேய்க்காமலேயே கை சுத்தமாயிடுச்சா? மந்திரம் ஏதாவது போட்டியாம்மா?"

சிரிப்பு அடங்கியது. எல்லாக் கண்களும் அவள் பக்கம் திரும்பின.

"மந்திரமெல்லாம் இல்ல. நான் தனியா ஒரு தோல் டாக்டரம்மாகிட்டப் போயிட்டிருக்கேன். இது யாருக்கும் ஒட்டாது, உங்க வைத்தியர் சொன்னதெல்லாம் கட்டுக்கதைன்னு அவங்கதான் சொன்னாங்க. அந்தச் சமயத்துல சில பேருக்கு இது தானாவே அடங்குமாம். அப்புறம் திரும்பவும் தலைகாட்டலாம், வந்தா பார்த்துக்கலாம், பயப்படாதேன்னாங்க. எனக்கு அடங்கியிருக்கு. அவ்வளவுதான்."

வைத்தியருக்குப் பிடி கிடைத்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். "சமயமாம்ல, சமயம்! அது என்ன சமயம்மா? மழைக் காலமா, வெயில் காலமா? எல்லாரும் கேக்கட்டும், நல்லா சத்தமாச் சொல்லு!"

முன்வரிசையில் பிள்ளை முதல் தடவையாகச் செருப்பிலிருந்து கண்ணை எடுத்தான். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. அவள் அவனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். பிறகு மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"நாலு மாசமா முழுகாம இருக்கேன்."