ஆறு பேர் குடித்த டீ

“டீ குடிச்சீங்களா, இல்லையா?”

நாஜ்னீன் கேட்ட கேள்விக்கு ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லோரும் ஜெகதளா பக்கத்து எஸ்டேட் ஆட்கள். அவளுடைய ஆஸ்துமா மாத்திரை ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்க, குன்னூர்க் கல்லூரிக்கு வந்தவர்கள்.

“இல்லீங்க அம்மிணி” என்றார் இருளப்பன், அவர்களில் மூத்தவர்.

“பொய் சொல்லாதீங்கண்ணா. இதைப் பாருங்க.”

கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினாள். பக்கத்திலிருந்த எச்.பி.எல்.சி. கருவி லேசுப்பட்டதல்ல. ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை ஒரு திரவத்தோடு சேர்த்து மெல்லிய குழாய்க்குள் தள்ளினால், கலந்திருப்பதை எல்லாம் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மேடு வரைந்து காட்டிவிடும். மாத்திரை கொடுக்கும் முன் எடுத்த ரத்தம் இது. அந்த இடத்தில் கோடு படுத்துக் கிடக்க வேண்டும். ஆறு பேருக்கும் தொட்டபெட்டா சிகரம் மாதிரி மேடு.

“இது டீயில இருக்கிற கஃபீன். நம்ம மாத்திரைக்கு நெருங்கின சொந்தம். இது உள்ள இருந்தா என் கணக்கே தப்பாயிடும். ரெண்டு நாள் டீயைத் தொடக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

பேராசிரியர் இன்னும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கருவியைத் தருவார். அதுவும் கெட்டால் இத்தனை வருட உழைப்பும் பாழ்.

“உங்களுக்கு டீ ஊத்திக் குடுத்த மகராசன் யாரு? கூட்டிட்டு வாங்க. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்கறேன்!”

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நாந்தானுங்க” என்றார் இருளப்பன். “ஊட்ல போட்டு எல்லாத்துக்கும் குடுத்துட்டேன். குளிர் தாங்கலீங்க. அடுத்த வாரம் சுத்தமா வர்றோமுங்க.”

கிளம்பும்போது அவர் மட்டும் வாசலில் தயங்கினார்.

“ஏனுங்க அம்மிணி, அடுத்த வாரம் பஸ்ஸு வேண்டாமுங்க. காட்டு வழியா நடந்தே வந்தர்றோமுங்க.”

“எதுக்கு? கரடியும் காட்டெருமையும் சுத்தற வழியாச்சே!”

“அது பரவால்லீங்க. பஸ் ஸ்டாண்டுல டீக்கடை இருக்குதுங்க.”

ஒரு டீக்கடையைத் தாண்டி வர முடியாத ஜென்மங்கள் என்று நாஜ்னீனுக்கு எரிச்சல் பொங்கியது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவளை, “வாம்மா!” என்று பாய்லருக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டார் அவள் அத்தா மொய்னுதீன். மகள் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறாள் என்று டீ குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிற மனிதர்.

“ரத்தம் எடுத்தாச்சா? பாவம், காலையில நடுங்கிக்கிட்டே பஸ்ஸை விட்டு எறங்கினாங்க. கூப்பிட்டா, ‘டீ ஆகாதுங்க பாய், அம்மிணி திட்டும்’னு ஓடப் பாக்கறாங்க. எம் மகளுக்காக ரத்தம் குடுக்க வந்தவங்க எங் கடையில ஒரு வாய் டீ குடிக்காமப் போனா எனக்கு மனசு ஆறுமான்னு கையைப் பிடிச்சுக்கிட்டேன். எனக்குக் கண்ணே கலங்கிருச்சும்மா. அதைப் பாத்துட்டு இருளப்பன்தான் மொதல்ல கிளாஸை வாங்கினாரு.”

நாஜ்னீன் கைப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு அத்தாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

“அடுத்த ஞாயித்துக்கிழமையும் வர்றாங்க அத்தா.”

“வரட்டும், வரட்டும்! டீயோட ஆளுக்கு ஒரு வர்க்கியும் குடுத்தர்றேன்.”

“அவங்க காட்டு வழியா வருவாங்க, இந்தப் பக்கம் வர மாட்டாங்க. நீங்க சாயங்காலமா ஃபிளாஸ்க்ல டீயைக் காலேஜுக்குக் கொண்டுவாங்க அத்தா. ரத்தமெல்லாம் எடுத்து முடிஞ்சதும், நானே என் கையால ஊத்திக் குடுக்கணும்.”